ஒளியின் சாட்சியமும் நம் அமானிதமும்

அறிவு இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடை என்பதை மறுப்பார் இலர். ஆயின் அந்த அறிவு ஓர் அமானிதமும் ஆகும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அடைக்கலமாகப் பெற்ற பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் திருப்பித் தரவேண்டும் என்பது அமானிதத்தின் சட்டம். அவ்வாறே, அறிந்த செய்தியை அறிந்த அளவுக்கே எடுத்துரைக்க வேண்டும். ஊகத்தை உறுதியென்று உரைப்பது, ஒரு படி அரிசியை வாங்கிக்கொண்டு இரண்டு படி என்று எழுதிக்கொடுப்பதற்கு ஒப்பாகும். இந்த எளிய சட்டத்தை நானே மீறினேன். அதைச் சுட்டிக்காட்டியவன் என்னிடம் ஓத வரும் பதினேழு வயது மாணவன்.

சென்னை புளியந்தோப்பில் மாலை நேர மதரஸா ஒன்றில் அரபு கற்பித்து வருகிறேன். அண்மையில் எங்கள் தெருவில் மீலாத் கூட்டம் நடந்தது. அதில் பேசிய நான், "1929இல் ஹப்பிள் என்னும் வானியலார், விண்மீன்களின் ஒளியில் செம்பெயர்ச்சியைக் கண்டு, பேரண்டம் விரிகிறது என்று நிறுவினார். எனவே அதற்குத் தொடக்கம் உண்டென்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. நம் அருள்மறையோ இதைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது. இனி ஐயத்துக்கு ஏது இடம்?" என்று முழங்கினேன். தக்பீர் முழக்கம் தெருவை நிறைத்தது. நானும் மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் பாடம் முடிந்ததும் அம்மாணவன் தயங்கியபடி வந்து நின்றான். அவன் தந்தை பேசின் பாலம் ரயில் பெட்டிப் பணிமனையில் தொழிலாளி. அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறான்.

"ஹஜரத், ஒரு சந்தேகம். ஹப்பிள் போட்ட கணக்குப்படி பேரண்டத்துக்கு 200 கோடி வயதுதான் வருமாம். பூமிக்கே 450 கோடி வயதுக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். தாயை விடப் பிள்ளைக்கு வயது கூடுதலாக வருகிறதே! அந்தக் காலத்தில் நீங்கள் பயான் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

என்னிடம் விடை இல்லை. விடை இல்லாத ஆசிரியனுக்குக் கோபம் எளிதில் வந்துவிடுகிறது. "எதிர்க் கேள்வி கேட்பதற்கா உன்னை ஓத அனுப்பினார்கள்?" என்று கடிந்து அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் அமரும் இடம் வெறுமையாக இருந்த அந்த நாட்களில்தான், நான் மேடையில் அவ்வளவு உறுதியாகப் பேசிய செய்தி உண்மையில் என்னவென்று கற்கத் தொடங்கினேன்.

அரபு மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஷரஹுல் அகாயித், இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் கொள்கை நூலுக்குத் தஃப்தாஸானீ (ரஹ்) எழுதிய விரிவுரையாகும். மனிதன் அறிவு பெறும் வாயில்கள் மூன்று என்று அந்நூல் தொடக்கத்திலேயே வகுக்கிறது: குறையற்ற ஐம்புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. செம்பெயர்ச்சியையும் இந்த மூன்று வாயில்களில் நிறுத்திப் பார்த்தால், எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.

முதலில் புலன். எங்கள் பகுதியில் வாழ்வோருக்கு ரயிலின் ஊதல் உடன்பிறந்த ஓசை. பேசின் பாலத்திலிருந்து வியாசர்பாடி நோக்கி விரையும் வண்டி நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் உச்சத்தில் ஒலிக்கிறது. நம்மைக் கடந்து அகன்றதும் அதே ஊதல் சட்டெனத் தணிந்து இறங்குகிறது. நெருங்கி வரும் பொருளின் ஒலியலைகள் நெருக்கப்படுகின்றன. விலகிச் செல்லும் பொருளின் அலைகள் நீள்கின்றன. இதனை 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்தார். 1845இல் ஹாலந்து நாட்டில் பைஸ் பாலட் என்பார் ரயில் வண்டியில் ஊதுகொம்புக் கலைஞர்களை ஏற்றி ஓடவிட்டு, அதைச் சோதித்தும் காட்டினார்.

ஒளியும் அலையே. அதன் அலை நீண்டால் நிறம் சிவப்பின் பக்கம் பெயரும். அதுவே செம்பெயர்ச்சி. அலை குறுகினால் நீலத்தின் பக்கம் பெயரும். ஆனால், ஒரு விண்மீன் இயல்பாகவே சிவந்ததா, அல்லது அதன் ஒளி பெயர்ந்து வந்ததா என்பதை எப்படி அறிவது? நட்சத்திர ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தால், அந்த நிறமாலையின் குறுக்கே கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோட்டு வரிசை உண்டு. ஒரு பாடலை எந்தச் சுருதியில் பாடினாலும், சுரங்களின் உறவு மாறாமையால் இன்ன பாடல் என்று கண்டுகொள்கிறோம் அல்லவா? அதுபோல, கால்சியத்தின் கோடுகள் எவ்வளவு பெயர்ந்திருந்தாலும், அவற்றின் அமைப்பைக் கொண்டு அடையாளம் காணலாம். சுருதி எவ்வளவு இறங்கியது என்பதே செம்பெயர்ச்சியின் அளவு.

இக்கலை நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் இருந்து நிறமாலைக் கருவிகளால் நோக்கினர். மசூலிப்பட்டினத்தில் நின்றவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன். பின்னர் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் கதை அந்தக் கிரகணத்திலிருந்தே தொடங்குகிறது. 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளைச் சூழ்ந்த சாம்பல் நிற விளிம்பில் நிறமாலைக் கோடுகள் சற்றே விலகியிருப்பதைக் கண்டார். அங்கே வாயு, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று அதிலிருந்து உணர்ந்தார். ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே அவர் அளந்த பெயர்ச்சி, அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கே! இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்கப்படுகிறது.

அதே எவர்ஷெட் மற்றொன்றையும் கவனித்தார். சூரிய ஒளியின் கோடுகள், ஆய்வுக்கூடத்தில் பெறும் கோடுகளை விடச் சிறிதளவு சிவப்பின் பக்கம் சாய்ந்திருந்தன. சூரியன் நம்மை விட்டு ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒளி வலிய ஈர்ப்பிலிருந்து வெளியேறும்போதும் அதன் அலை நீளும் என்று ஐன்ஸ்டைன் கூறியிருந்தார். அவர் சொன்னது எவ்வளவு, சூரிய வாயுக்களின் அசைவு எவ்வளவு என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. கோடு பெயர்ந்திருப்பது கண் காணும் செய்தி. அது ஏன் பெயர்ந்தது என்பது பகுத்தறிவு தரும் விளக்கம். இரண்டும் ஒரே தரத்தவை அல்ல.

இனி விண்மீன் திரள்களுக்கு வருவோம். கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ தம் நிலைவிண்மீன் நூலில், ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் சிறு மேகம் போன்ற ஒன்றைக் குறித்து வைத்தார். அது 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள தனியொரு விண்மீன் திரள் என்பது பின்னாளில் தெரிந்தது. அந்தச் 'சிறு மேகத்தின்' ஒளியைத்தான் 1912இல் அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லிஃபர் முதன்முதலாக அளந்தார். அளந்தபோது தெரிந்தது என்ன? நீலப் பெயர்ச்சி! ஆண்ட்ரோமெடா வினாடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அருகிலுள்ள திரள்களை ஒன்றன் ஈர்ப்பு மற்றொன்றை இழுப்பதால் இவ்வாறு நேர்கிறது. அந்த ஒரு சாட்சியை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் மேடையேறியிருந்தால், பேரண்டம் சுருங்குகிறது என்றல்லவா முழங்கியிருப்பார்? ஸ்லிஃபர் பொறுத்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் அளந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை செம்பெயர்ச்சியே காட்டின.

1922இல் ரஷ்யாவின் ஃப்ரீட்மான் கணிதத்தால் விரியும் பேரண்டத்துக்கு இடம் கண்டார். 1927இல் பெல்ஜியத்தின் லெமைத்ர், அளவீடுகளோடு அதனைப் பொருத்தினார். 1929இல் ஹப்பிள், தொலைவு கூடக்கூடச் செம்பெயர்ச்சியும் அதற்கேற்பக் கூடுகிறது என்று காட்டினார். அவருக்குத் துணைநின்று நுண்ணிய அளவீடுகளை எடுத்த ஹ்யூமசன், மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிச் சென்றவர். பின் அங்கேயே துப்புரவுப் பணி செய்தவர். பெரிய படிப்பு எதுவும் இல்லாதவர். அறிவு யாருடைய குலச்சொத்தும் இல்லை என்பதற்கு இவர் வரலாறே போதும்.

இங்கே ரயில் உவமையை ஓரிடத்தில் நிறுத்திவிட வேண்டும். தொலைதூரத் திரள்கள் வெளியினூடே ரயில் போல ஓடுகின்றன என்பதில்லை. இடைப்பட்ட வெளியே விரிகிறது. அதில் பயணம் செய்யும் ஒளியலையும் உடன் நீள்கிறது என்பதே இன்றைய விளக்கம். ஓர் ஒளியலை இருமடங்காக நீண்டு வந்தால், அது புறப்பட்டபோது பேரண்டத்தின் இடைவெளிகள் இன்றுள்ளவற்றில் பாதியாக இருந்தன என்று பொருள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு கண்டு 2024இல் அறிவிக்கப்பட்ட ஒரு திரளின் ஒளி பதினைந்து மடங்கு நீண்டு வந்துள்ளது. அது பேரண்டத்தின் தொடக்கத்திலிருந்து சுமார் 30 கோடி ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி.

வயதைக் கணிப்பது எவ்வாறு? சென்ட்ரலிலிருந்து புறப்பட்ட வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, இப்போது 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறதென்றால், அது புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆயிற்று. தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும். ஏறத்தாழ 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்கு, விலகும் வேகம் வினாடிக்கு 70 கிலோமீட்டர் என்று கொண்டு வகுத்தால், விடை 1400 கோடி ஆண்டுகள். ஆனால் ஹப்பிள் பெற்ற வேகம் 70 இல்லை, ஏறத்தாழ 500! அதைக் கொண்டு வகுத்தால் 200 கோடி ஆண்டுகளே வரும். என் மாணவன் கேட்டது இதைத்தான்.

பிழை எங்கே இருந்தது? செம்பெயர்ச்சியில் இல்லை, தொலைவில் இருந்தது. தொலைவைக் கணிக்க உதவும் துடிக்கும் விண்மீன்களில் இருவகை உண்டென்பதை அறியாமல், இரண்டையும் ஒன்றெனக் கொண்டிருந்தனர். 1952இல் வால்டர் பாடே அதைத் திருத்தியபோது தொலைவுகள் ஏறத்தாழ இருமடங்காயின, வயதும் இருமடங்காயிற்று. 1956இல் பேட்டர்சன் பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று நிலைநாட்டினார். 1958 அளவில் சாண்டேஜ் விரிவு வேகத்தை 75க்கு இறக்கினார். வண்டி சீரான வேகத்தில் ஓடவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. விரிவு முன்பு தளர்ந்து, பின்பு முடுகுகிறது என்று 1998இல் தெரியவந்தது. இன்று பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டின்படி விரிவு வேகம் 67.4, வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். ஆயினும் விண்மீன்களைக் கொண்டு அளப்போர் 73 என்கின்றனர். அந்த வேறுபாட்டை வயதில் காட்டினால் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு வரும். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

மற்றொரு செய்தி என்னை மேலும் வெட்கமுறச் செய்தது. 1948இல் ஹாயில், போண்டி, கோல்டு ஆகிய மூவரும் மாறாநிலைக் கொள்கையை முன்வைத்தனர். அவர்கள் செம்பெயர்ச்சியை ஏற்றனர், விரிவையும் ஏற்றனர். தொடக்கத்தை மட்டும் மறுத்தனர். இடைவெளி விரியவிரியப் புதிய பொருள் தோன்றி நிரப்பிக்கொண்டே இருக்கும் என்றனர். ஆகவே செம்பெயர்ச்சி தனித்து நின்று தொடக்கத்தை மெய்ப்பித்துவிடவில்லை! 1965இல் பென்சியாசும் வில்சனும் விண்ணெங்கும் நிறைந்த பின்புலக் கதிர்வீச்சைக் கண்ட பிறகே, பேரண்டம் ஒருகாலத்தில் வெப்பமும் அடர்த்தியும் மிக்கதாக இருந்தது என்ற முடிவு வலுப்பெற்றது. அதன் பின்னும் நம் நாட்டு அறிஞர் ஜயந்த் நார்லிகர் (1938–2025) பெருவெடிப்புக் கொள்கையை இறுதிவரை ஐயத்தோடே நோக்கினார். வேறு எவரையும் விட ஹப்பிளின் பெயரையே நான் மேடையில் முழங்கினேன். அவரோ செம்பெயர்ச்சியின் பொருள் விரிவுதான் என்று முடிவாகக் கூறத் தம் ஆயுள் முழுதும் தயங்கினார். அளந்தவர் அடக்கம் காட்டினார், கேள்விப்பட்டவன் முரசறைந்தேன்!

இனி அருள்மறைக்கு வருவோம். நான் மேற்கோள் காட்டியது அத்தாரியாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனம். அதில் வரும் 'மூஸிஊன்' என்னும் சொல் 'வுஸ்உ' என்னும் வேரடியில் பிறந்தது. விரிவு, ஆற்றல், செழிப்பு ஆகிய பொருள்களை அவ்வேர் தாங்கும். ஸமக்ஷரீ 'ஆற்றலுடையோர்' என்று பொருள் கொண்டார். மழையால் உணவை விரிவாக்குவதைக் குறிக்கும் என்பது ஹஸன் பஸ்ரீ (ரஹ்) அவர்களின் கருத்து. வானை விசாலமாக அமைத்தலைக் குறிப்பதாகக் கொண்டோரும் உளர். தொடர்ந்து விரிவாக்கல் என்னும் பொருளையும் அச்சொல் ஏற்கும். இக்காலத்தார் பலர் அதையே எடுத்துக்கொள்கின்றனர். அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் இத்தனை பொருளையும் ஓதிக்கொடுத்த நானே, மேடையில் ஒன்றை மட்டும் எடுத்து, மற்றவற்றை மறைத்தேன். வானியலுக்குச் செய்த அதே அநீதியைத் தஃப்ஸீர் கலைக்கும் செய்தேன்.

இத்தகைய ஆபத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். மெய்யியலாரை மறுக்கவே தஹாஃபுதுல் ஃபலாஸிஃபாவை எழுதியவர்கள் அவர்கள். அந்நூலின் முன்னுரைப் பகுதியிலேயே, கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கணிதச் சான்றோடு அறிந்தவர்களிடம் போய், மார்க்கத்தின் பெயரால் அதை மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று எச்சரிக்கிறார்கள். தவறான வழியில் மார்க்கத்துக்காக வாதாடுவோனால் விளையும் கேடு, அதைத் தாக்குவோனால் விளையும் கேட்டை விடப் பெரிது என்பது அவர்கள் கருத்து. உறுதியானதை மறுப்பது ஒரு கேடு. உறுதியாகாததன் மீது மார்க்கத்தைக் கட்டுவது அதன் இரட்டைப் பிறவி.

பிற சமயத்தாரும் இச்சோதனையைச் சந்தித்துள்ளனர். 1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் படைப்பின் தொடக்கத்துக்குச் சான்று பகர்வதாக உரையாற்றினார். அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைத்ர். அவர் ஒரு பாதிரியார். அக்கொள்கையின் மூலவரும் அவரே. அவரோ வருந்தினார். ஆய்வுக் கருத்தை வேதத்துக்கு முட்டுக்கொடுக்கும் தூணாக்க அவர் விரும்பவில்லை.

அப்படியாயின் பேரண்டத்தின் வயது ஒரு முஃமினுக்குப் பொருளற்ற செய்தியா? ஒருபோதும் இல்லை. உலகம் புதிதாய்த் தோன்றியது என்பதைக் கொண்டு படைத்தவனை உணர்த்தினர் முதகல்லிமீன்கள். உலகம் தன்னால் தான் நிற்க இயலாதது, பிறிதொன்றைச் சார்ந்தே நிற்பது என்பதைக் கொண்டு உணர்த்தினார் இப்னு ஸீனா. உலகம் தொடக்கமற்றதா என்பதே தஹாஃபுதின் முதல் விவாதம். அதற்கு இப்னு ருஷ்து மறுப்பும் எழுதினார். அவர்கள் எவரும் தொலைநோக்கியின் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. கணக்கு 200 கோடியானாலும் 1380 கோடியானாலும், ஏன் ஒன்றுமே இல்லாமல் இராமல் ஏதோ ஒன்று இருக்கிறது என்னும் வினா அப்படியே நிற்கிறது. அளவீடு அந்த வினாவுக்கு விடையாகாது. அந்த வினாவின் முன் நம்மை வியப்போடு நிறுத்தும். அதுவே அதன் பெரும்பேறு.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒவ்வொரு செய்தியையும் தரம் பிரித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் வரும் செய்தியையே, அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் அவர்கள் ஏற்கவில்லை. கேட்பதற்கு இனிமையானது என்பதற்காகப் பலவீனமானதை அவர்கள் வலுவானதாக்கவும் இல்லை. அந்த மரபில் வந்த நாம், விண்ணைப் பற்றிய செய்திக்கு மட்டும் தரம் பார்க்காமல் விடலாமா? கோடு பெயர்ந்திருக்கிறது என்பது கண்கண்டது. பேரண்டம் விரிகிறது என்பது பல சாட்சியங்கள் ஒன்றுகூடி உறுதிப்படுத்தியது. வயது 1380 கோடி என்பது இன்றைய மிகச் சிறந்த கணிப்பு, திருத்தத்துக்கு உட்பட்டது. இறைவன் படைத்தான் என்பது நம் ஈமான். அது இந்த வரிசையில் நான்காவதாக நிற்கும் எண்ணன்று.

இத்தெளிவு வந்தபின் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அம்மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். பணியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவன் தந்தை, "வாங்க ஹஜரத், பையன் ஏதாவது தப்பு பண்ணிட்டானா?" என்று பதறினார். "தப்பு செய்தவன் நான்" என்றேன். மாணவனிடம், "தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. அன்று எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

அவன் தலை குனிந்தபடி சொன்னான்: "நான் உங்களை மடக்கக் கேட்கவில்லை ஹஜரத். பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் கேட்டேன்."

அந்தச் சொல் என் நெஞ்சைத் தைத்தது. கைத்தட்டலுக்காக நான் விற்ற செய்தியைச் சுமந்துகொண்டு நாளை வகுப்பறையில் தனியே நிற்கப்போகிறவன் அவன். கணக்கு பிழைத்தால், பிழைத்தது மனிதக் கணிப்பு என்று அவனால் சொல்ல இயலாது. வேதமே பிழைத்ததாக அவன் உள்ளம் கலங்கும். அந்தச் சுமையை அவன் தோளில் ஏற்றியவன் நான்.

அடுத்து வந்த கூட்டத்தில், முன்பு பேசியதைத் திருத்திக் கூறினேன். தக்பீர் முழக்கம் எழவில்லை. பெரியவர் ஒருவர் பின்னர் என்னைத் தனியே அழைத்து, "இப்படியெல்லாம் சொன்னால் பிள்ளைகள் தடுமாற மாட்டார்களா, ஹஜரத்?" என்று கவலையோடு வினவினார். "உண்மையின் அளவைச் சொன்னதால் எவனும் தடுமாறியதாக நான் காணவில்லை, பாய். அளவுக்கு மேல் சொன்னதால்தான் ஒருவன் ஓத வருவதையே நிறுத்தியிருந்தான்" என்றேன்.

இப்போது அவன் மீண்டும் வருகிறான். தன் இடத்தில் அமர்கிறான். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஊதிக்கொண்டு கடக்கும்போது சில வேளை என்னை நிமிர்ந்து பார்ப்பான். நானும் பார்ப்பேன். பிறகு இருவரும் பாடத்துக்குத் திரும்புவோம்.